சிங்கப்பூருக்குப் புதுசா? பண்டிகை வாழ்த்து சொல்ல ஒரு வழிகாட்டி

நான் தூத்துக்குடிக்காரி, பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். சிங்கப்பூர் வந்து 14 வருடம் ஆகிறது. பதினான்கு தீபாவளிக்கும் அலுவலகத்தில் என்னைப் பார்த்து ‘ஹேப்பி தீபாவளி’ சொல்லாதவர்கள் குறைவு. பொட்டு வைப்பேன், விசேஷ நாளில் சேலை கட்டுவேன், பெயரும் மதம் காட்டாத தமிழ்ப் பெயர். பாவம், அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

வந்த வருடம் இதைக் கேட்டு முகம் சுளித்தேன். அடுத்த மே மாதம் நானே பக்கத்து இருக்கைச் சீனப் பெண்ணிடம் போய் ‘ஹேப்பி வெசாக் டே’ என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, ‘நான் மெதடிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிக்கிறேன்’ என்றாள். சீனர் என்றால் பௌத்தர் என்று என் தலைக்குள் யார் எழுதி வைத்தார்களோ!

ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ இப்போதுதான் வந்திறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஊரில் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது அன்றாட மரியாதை. லிஃப்டில் சொல்வார்கள், காப்பிக்கடையில் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் 1964-இல் நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக் கலவரத்தை இந்த ஊர் மறக்கவில்லை. அது தொடங்கிய ஜூலை 21-ஐத்தான் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கிறார்கள். அடுத்தவர் பண்டிகையைத் தெரிந்து வைத்திருப்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கே பாடம். நாம் வளர்ந்தபின் வந்து சேர்ந்தவர்கள். கொஞ்சம் வேகமாகப் படித்தாக வேண்டும்.

முதல் படி: ஒரு காலண்டர்

சிங்கப்பூரில் வருடத்துக்கு 11 பொது விடுமுறை. ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், புனித வெள்ளி, நோன்புப் பெருநாள், மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்மஸ். இவற்றைப் போனில் ஏற்றிவிடுங்கள். தைப்பூசம் இதில் இல்லையே என்று ஊரிலிருந்து வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1968 வரை இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். மலேசியாவில் பல மாநிலங்களில் இன்னும் விடுமுறைதான்.

கிறிஸ்மஸ் தவிர மற்ற மதப் பண்டிகைகள் எல்லாம் தேதி மாறுபவை. அதிலும் இஸ்லாமிய மாதங்கள் பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். அதனால் பண்டிகைகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, நவம்பர் 3 நோன்புப் பெருநாள். நோன்புப் பெருநாளுக்கு மலாயில் ‘ஹரி ராயா’ என்று பெயர்; அதனால் அப்போது ‘தீபராயா’ என்று சேர்த்தே சொன்னார்களாம். 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அதே வாரத்தில் ரமலான் நோன்பும் தொடக்கம். இப்படி ஒரு வருடத்தில் ‘புத்தாண்டு விருந்து, எல்லோரும் மதியம் வாருங்கள்’ என்று குழுவில் போட்டால் நோன்பு வைத்திருப்பவர் என்ன செய்வார்? விருந்தை நோன்பு திறந்தபின், ஏழரை மணிக்கு மேல் வைத்தால் அவரும் வந்து உட்காரலாம். அதுவே பாதி வாழ்த்து.

இன்னொன்று: ஊரில் பெருநாள் என்றைக்கு என்று பார்த்து இங்கே வாழ்த்தாதீர்கள். பிறை பார்க்கும் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. இங்கே ஒரு நாள் முந்திக்கொள்வது சகஜம். நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் வாழ்த்து வரத் தொடங்கும்போது இங்கே பிரியாணி தீர்ந்திருக்கும்.

இரண்டாம் படி: யார் எதைக் கொண்டாடுகிறார்?

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முகத்தையும் பெயரையும் வைத்து மதத்தை முடிவு செய்யாதீர்கள். சீனரில் பௌத்தர் உண்டு, தாவோ வழிபாட்டினர் உண்டு, கிறிஸ்தவர் ஏராளம், முஸ்லிமும் உண்டு. ‘ஃப்ரீ திங்க்கர்’ என்று சொல்லிக்கொள்பவர்களும் நிறைய. மதம் எதுவும் இல்லாதவர் என்பதற்கு இந்த ஊர் வைத்த பெயர் அது. இந்தியர் என்றால் என்னைப் போன்றவர்கள், தமிழ் முஸ்லிம்கள், சீக்கியர்கள், குஜராத்தி ஜைனர்கள் எல்லோரும்தான். சிங்கப்பூரின் சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949-இல் தொடங்கியது. இன்று அதில் 10 சமயங்கள் இருக்கின்றன. யூதர், பார்சி, பஹாய் உட்பட.

ஆனால் ஒரு வசதி: சீனப் புத்தாண்டு மதப் பண்டிகை அல்ல, சீனர்களின் பண்டிகை. என் மெதடிஸ்ட் தோழியும் கொண்டாடுகிறாள். சீனருக்குச் சீனப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதில் யோசிக்கவே வேண்டாம். பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் பொங்கல் வைப்போம். வியட்நாம்காரர், கொரியர் குழுவில் இருந்தால் மட்டும் ‘சீன’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘லூனார் நியூ இயர்’ என்பது நல்லது. அவர்களுக்கும் அதே சமயத்தில்தான் புத்தாண்டு, ஆனால் அது அவர்களுடையது.

சரி, ஒருவர் எதைக் கொண்டாடுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘நீங்கள் என்ன மதம்?’ என்று நேரடியாகக் கேட்பது இங்கே நன்றாக இருக்காது. நீண்ட விடுமுறை வரும் வாரத்தில் ‘லீவுக்கு என்ன பிளான்?’ என்று கேளுங்கள். ‘வீட்டில் ஓபன் ஹவுஸ், அம்மா ரெண்டாங் செய்கிறார்’ என்பார் ஒருவர் (ஓபன் ஹவுஸ் என்றால் பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைப்பது; ரெண்டாங் மலாய்க்காரர்களின் மசாலா இறைச்சி). ‘ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கப் போகிறேன்’ என்பார் இன்னொருவர். பதில் கிடைத்துவிட்டது. அதைப் போனில் அவர் பெயருக்குக் கீழே குறித்து வையுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அடுத்த வருடம் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: அது எப்படிப்பட்ட நாள்?

விடுமுறை எல்லாம் கொண்டாட்டம் அல்ல. எனக்கு வருடா வருடம் வரும் செய்தி: ‘ஹேப்பி குட் ஃபிரைடே!’ கூடவே ஒரு பலூன் படம். அன்று நாங்கள் ஒருசந்தி இருந்து, சிலுவைப் பாதை சொல்லி, இயேசு இறந்ததை நினைக்கிறோம். ‘குட்’ என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. தமிழில் புனித வெள்ளி என்றால் இந்தக் குழப்பமே வராது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ‘ஹேப்பி ஈஸ்டர்’ சொல்லுங்கள். ஈஸ்டருக்கு இங்கே விடுமுறை இல்லாததால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதை நினைவு வைத்து ஒருவர் சொன்னால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் சீனர்கள் முன்னோரின் கல்லறைக்குப் போகும் நாள். வாழ்த்து கிடையாது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதமும் அப்படித்தான். அந்த மாதம் ஆவிகள் பூமிக்கு வருவதாக நம்பிக்கை. அடுக்குமாடிகளுக்குக் கீழே காகிதம் எரிப்பார்கள், புல்வெளியில் பழமும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள். மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள். அப்போது போடும் கெத்தாய் பாட்டுக் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் ‘அட, இடம் கிடைத்தது’ என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அவை வரும் ஆவிகளுக்கு.

யூத நண்பர் இருந்தால், அவர்கள் புத்தாண்டுக்கு ‘ஷனா தோவா’ சொல்லலாம். அதற்குப் பத்தாம் நாள் வரும் யோம் கிப்பூர் உபவாச நாள், ‘ஹேப்பி’ வேண்டாம். முஹர்ரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள்.

தைப்பூசம்? காவடி எடுப்பவர் விரதத்தில் இருக்கிறார், நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார். ‘நல்லபடியாக முடியட்டும்’ என்று சொல்லுங்கள், தண்ணீர்ப் பந்தலில் போய் நில்லுங்கள். அதற்கு மேல் வாழ்த்து எதற்கு?

நான்காம் படி: சொல்லும் வார்த்தை

ஹரி ராயா. மலாயில் ‘ஹரி’ என்றால் நாள், ‘ராயா’ என்றால் பெரியது. அதாவது பெருநாள்! நம் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் அதே சொல். ‘செலாமாட் ஹரி ராயா’ என்றால் நோன்புப் பெருநாளுக்கும் பொருந்தும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பொருந்தும். நோன்புப் பெருநாளில் அதோடு ‘மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று சேர்ப்பார்கள். வெளிப்படையாகவும் மனத்துக்குள்ளும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு என்று பொருள். பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக் குனிந்து இதைச் சொல்வதை ஒருமுறை பார்த்தேன். அதற்கப்புறம் நான் அதை வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. நன்றாகப் பழகியவரிடம் மட்டும், நின்று சொல்வேன். ஜைனர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் உண்டு: பர்யூஷண் என்ற விரத நாட்களின் முடிவில் ‘மிச்சாமி துக்கடம்’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு அப்படி ஒரு செய்தி வந்தால் ‘என்ன தப்பு செய்தார்?’ என்று பதறாதீர்கள். அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும்.

நோன்பு மாதம் தொடங்கும்போது சொல்ல வேண்டியது வேறு: மலாயில் ‘செலாமாட் பெர்புவாசா’, அல்லது ‘ரமலான் முபாரக்’. நம் ஊரில் பண்டிகையையே ‘ரம்ஜான்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மாதத்தின் பெயர். தமிழ் முஸ்லிமிடம் மலாயில் வாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. சைனாடவுனில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைக் கட்டியவர்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். ‘நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். இந்தோனேசியர் என்றால் ‘செலாமாட் இதுல் ஃபித்ரி’. நோன்புப் பெருநாள் கொண்டாட்டம் ஒரு மாதம் ஓடும் என்பதால் முதல் நாள் தவறவிட்டாலும் பாதகமில்லை.

சீனப் புத்தாண்டுக்கு ஊரிலிருந்து வரும்போதே எல்லோருக்கும் தெரிந்திருப்பது ‘கோங் ஸீ ஃபா ட்ஸாய்’. செல்வம் பெருகட்டும் என்கிற வாழ்த்து. கடைக்காரரிடம், மேலாளரிடம், வியாபாரத்தில் இருப்பவரிடம் அருமையாகப் பொருந்தும். வயதானவரிடம் ‘ஷென் தி ஜியென் காங்’, அதாவது உடல்நலம், சொல்லிப் பாருங்கள். முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள். எதுவும் வாயில் நுழையவில்லையா? ‘ஹேப்பி நியூ இயர்’ தாராளமாகப் போதும். 15 நாள் பண்டிகை இது. சப் கோ மே எனப்படும் பதினைந்தாம் இரவு வரை வாழ்த்தலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: புத்தாண்டுக்கு முந்தைய நாள் மாலை குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரம். அப்போது யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

விசாக தினம் நம் வைகாசி விசாகத்தின் உறவுக்காரர்தான்: வைசாக மாதப் பௌர்ணமி. புத்தரின் பிறப்பு, ஞானம், இறப்பு மூன்றையும் சேர்த்து நினைக்கும் நாள். இறப்பும் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ‘ஹேப்பி வெசாக்’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். என்னைப் போல ஆளை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

தீபாவளிக்கு வடநாட்டவர் ‘தீவாளி’ என்பார்கள். அவர்களிடம் அப்படியே சொல்லலாம். சீக்கியருக்கு அதே நாள் பந்தி சோர் திவஸ், குரு ஹர்கோபிந்த் சிறையிலிருந்து விடுதலையான நினைவு. ஏப்ரல் நடுவில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும்போது அவர்களுக்கு வைசாகி. மலையாளிக்கு விஷுவும் அதே நேரம்தான். ஒரே நாளில் மூன்று பேருக்கு மூன்று செய்தி.

கிறிஸ்மஸுக்கு ‘மெரி கிறிஸ்மஸ்’ என்று மதம் பார்க்காமல் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். ரஷ்ய, எத்தியோப்பியச் சபையினர் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள் என்பதும், யெகோவா சாட்சிகள் கிறிஸ்மஸே கொண்டாடுவதில்லை என்பதும் தெரிந்திருந்தால் நல்லது.

ஐந்தாம் படி: தனி ஆளுக்கா, கூட்டத்துக்கா?

இருநூறு வாடிக்கையாளருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ சரியான தேர்வு. யார் எவர் என்று தெரியாது, மதத்தைத் தொடாமல் போய்விடலாம். ஆனால் அதையே தினமும் கூடச் சாப்பிடும் ஒருவருக்கு அனுப்பினால் நன்றாகவா இருக்கிறது? நோன்பு பிடித்து முடித்தவருக்கு ‘விடுமுறை வாழ்த்து’ என்றால் அவர் முப்பது நாள் பட்ட பாட்டை நாம் கவனிக்கவே இல்லை என்று ஆகிவிடும். தெரிந்தவருக்குப் பண்டிகையின் பெயர் சொல்லியே வாழ்த்துங்கள்.

ஃபார்வர்டு படம் வேண்டாம். சாமி படம் போட்ட தீபாவளி வாழ்த்தை அலுவலகக் குழுவில் தட்டிவிடுவதும் வேண்டாம். அவர் பெயர் போட்டு இரண்டு வரி: ‘ஃபரீதா, செலாமாட் ஹரி ராயா. அம்மாவுக்கும் சொல்லுங்கள். இந்த வருடமும் ரெண்டாங் உண்டா?’ இந்த மூன்றாவது வாக்கியம் வேறு யாருக்கும் பொருந்தாது பாருங்கள், அதற்காகத்தான்.

ஆறாம் படி: துக்க வீடு

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு சீன சக ஊழியருக்குச் சிவப்பும் தங்கமுமாக ஒரு புத்தாண்டு அட்டை வாங்கி, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் அவரே வந்து, ‘இந்த வருடம் நாங்கள் கொண்டாடவில்லை. செப்டம்பரில் அப்பா தவறிவிட்டார்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி இல்லை என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வழக்கம் சீனர் வீட்டிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொதுவாக அந்த வருடம் அவர்கள் யார் வீட்டுக்கும் புத்தாண்டுக்குப் போகமாட்டார்கள், சிவப்பு உடுத்தமாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு வாழ்த்து வேண்டாம். ‘நினைத்துக்கொண்டேன், எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒரு வரி போதும்.

ஏழாம் படி: வெறுங்கையோடு போகலாமா?

வீட்டுக்கு அழைத்தால் போகாமல் இருக்கக் கூடாது. சீனர் வீட்டுக்கு இரண்டு மாண்டரின் ஆரஞ்சு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படை வேண்டாம். கிளம்பும்போது அவர்கள் உங்களுக்கு இரண்டு தருவார்கள். ‘நான் கொடுத்ததையே திருப்பித் தருகிறார்களே’ என்று நினைக்காதீர்கள், அதுதான் முறை. கறுப்பு உடை வேண்டாம். சுவர்க்கடிகாரம் பரிசளிக்காதீர்கள், சீனத்தில் அந்தச் சொற்கள் இறுதிச் சடங்கை நினைவுபடுத்தும். கல்யாணமானவர் என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்பாவ் வையுங்கள். சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை, நான்கு மட்டும் ஆகாது. ஹரி ராயாவுக்குப் பச்சை உறை. நம் வழக்கத்தில் நூற்றொன்று வைப்போமே, அந்த ஒன்றை மறந்துவிடுங்கள்.

மலாய் வீட்டில் பெண்கள் ஆண்களிடம் கைகுலுக்காமல் இருக்கலாம். அவர்கள் கை நீட்டும்வரை காத்திருங்கள். நீட்டாவிட்டால் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். உணவு கொண்டுபோவதானால் ஹலால் முத்திரை பார்த்துக் கடையில் வாங்குங்கள். நம் வீட்டுப் பலகாரம் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும், அடுப்படியில் வேறென்ன சமைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சப்படுவார்கள். அந்தச் சங்கடத்தை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

கடைசிப் படி: ஆள் மாறிப் போனால்

நீங்கள் தப்பாகச் சொல்லிவிட்டால், ‘ஓ, மன்னிக்கணும், உங்கள் பண்டிகை எது?’ என்று கேட்டுவிட்டு நகருங்கள். அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

உங்களிடம் யாராவது தப்பாகச் சொன்னால், கூட வேலை செய்பவர் என்றால் ‘தேங்க்ஸ், நான் கிறிஸ்மஸ் ஆள்’ என்று சிரித்துச் சொல்லலாம். நம் முஸ்லிம் நண்பர் ஒருவர் ‘ஹேப்பி தீபாவளி’ கேட்டால் ‘லீவு எனக்கும் உண்டு, ஹேப்பிதான்’ என்பார். எல்லோரிடமும் திருத்தம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டியிடம் இரண்டாம் வருடமே சொல்லிவிட்டேன், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று. ‘ஓ, கிறிஸ்மஸ்!’ என்று தலையாட்டினார். அடுத்த தீபாவளிக்குக் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா நிறைய குவே என்கிற மலாய்ப் பலகாரம், வாயில் ‘ஹேப்பி தீபாவளி’. டிசம்பரில் மறுபடியும் வந்தார், ‘மெரி கிறிஸ்மஸ்’ என்று. அதற்கும் ஒரு டப்பா. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பண்டிகை. ‘தெரிமா காசே, மக்சிக்’ (நன்றி, அத்தை) என்று வாங்கிக்கொள்வேன். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்க நமக்கு மனசு வராதே. ஹலால் முத்திரை பார்த்து வாங்கிய பிஸ்கட்டை நிரப்பி மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.